பார்க்கிலேயே குடியிருக்கும் மேலாளர்: ஓஹாயோவில் ஒரு மொபைல் ஹோம் பார்க்கை நடத்திக் கற்றவை

2019-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், என் கல்லூரி நண்பரும் நானும் சேர்ந்து, ஓஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில், 54 மனைகள் கொண்ட மொபைல் ஹோம் பார்க் ஒன்றை வாங்கினோம். இருவருக்கும் கணினித் துறையில் முழுநேர வேலை இருந்ததால், வார இறுதிகளில் மட்டுமே அங்கே போய்வர முடியும் என்பது தொடக்கத்திலேயே தெரியும். நாங்கள் வாங்கிய நாளில் 46 மனைகளில் குடித்தனங்கள் இருந்தன. அவற்றில் 41 வீடுகள் குடியிருப்பவர்களுக்கே சொந்தமானவை. மீதி ஐந்தும் பார்க்குக்குச் சொந்தமாக வாடகைக்கு விடப்பட்டிருந்தன.

இந்த ஏற்பாட்டை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. இங்கே நிலம் உரிமையாளருடையது. அதன்மேல் நிற்கும் வீடு பெரும்பாலும் குடியிருப்பவருடையது. அவர் மாதந்தோறும் தருவது வீட்டு வாடகை அல்ல, லாட் ரெண்ட் எனப்படும் மனை வாடகை. 1976 ஜூன் 15 முதல் இத்தகைய வீடுகள் அமெரிக்கக் கூட்டரசின் கட்டுமான விதிகளின்படி தொழிற்சாலையில் கட்டப்படுகின்றன. அதற்குச் சான்றாக வெளிச்சுவரில் ஒரு சிறு சிவப்புத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். பெயரில் ‘மொபைல்’ என்று இருந்தாலும், ஒருமுறை கொண்டுவந்து நிறுத்திய வீட்டைப் பெயர்த்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். பழைய வீடுகள் அந்தப் பயணத்தைத் தாங்குவதில்லை. வேறு பார்க்குகளும் அவற்றை ஏற்பதில்லை. ஆகவே ஒருவர் பார்க்கை விட்டுப் போக நேர்ந்தால், பெரும்பாலும் தம் வீட்டையே இழந்துவிட்டுப் போகிறார். நிர்வாகத்தில் நாம் செய்யும் ஒவ்வொரு தவறின் சுமையும் எங்கே போய் இறங்குகிறது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

உரிமையாளரின் பொறுப்பில் இருப்பவை சாலை, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மரங்கள், விளக்குகள், ஒழுங்கு. ஒரு சிறிய ஊராட்சியை நடத்துவதற்கு ஒப்பான வேலை அது. தொலைவிலிருந்து அதைச் செய்ய முடியாது என்பதால், பழைய உரிமையாளர் வைத்திருந்த மேலாளரையே நாங்களும் தொடரச் சொன்னோம். அவர் பார்க்குக்குச் சொந்தமான வீடொன்றில் குடியிருந்தார். சம்பளமாக அவருக்கு வீடு இலவசம், கையில் மாதம் 200 டாலர். வாடகையை ரொக்கமாக வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் வங்கியில் போடுவார். அதுவே அந்த ஊர் வழக்கம் என்றார்கள். நாங்களும் கேள்வி கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம், எங்கள் கணக்கில் இரண்டு மாத நிலுவை காட்டிய 78 வயது மூதாட்டி ஒருவருக்குத் தாமதக் கட்டணத்துடன் கடிதம் அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, பட்டர் குக்கீஸ் வரும் நீல நிறத் தகர டப்பா ஒன்றை மடியில் வைத்தபடி அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறந்தால், பதினோரு ஆண்டுகளின் ரசீதுகள் ஆண்டுவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. நான் நிலுவை என்று சொன்ன இரண்டு மாதங்களுக்கும் மேலாளரின் கையெழுத்திட்ட ரசீதுகள் மேலேயே இருந்தன. அந்தப் பணத்தை மேலாளர் எடுத்துக்கொண்டாரா, வங்கியில் போட மறந்தாரா, வேறொருவர் கணக்கில் சேர்த்துவிட்டாரா என்பதை எங்களால் உறுதி செய்ய முடியவில்லை. உறுதி செய்ய வழியில்லாத ஓர் ஏற்பாட்டை வைத்திருந்தவர்கள் நாங்கள்தாம். ஒரே ஆள் பணத்தை வாங்குவதும், ரசீது எழுதுவதும், வங்கியில் போடுவதும் என்றால், நேர்மையானவருக்கும் தம் நேர்மையை நிரூபிக்க வழி இருக்காது. அந்த மூதாட்டியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுக் கட்டணத்தை நீக்கினோம்.

அதற்கு அடுத்த மாதம் முதல் மேலாளர் கையில் ஒரு டாலர்கூடப் போகக்கூடாது என்று முடிவு செய்தோம். இணையத்தில் கட்டலாம், காசோலையோ மணி ஆர்டரோ (முன்பணம் கட்டி வாங்கும், காசோலை போன்ற தாள்) எங்கள் தபால் பெட்டிக்கு அனுப்பலாம், வங்கிக் கணக்கு இல்லாதவர்கள், நாங்கள் தரும் பார்கோடு அட்டையைக் கடையில் காட்டி ரொக்கமாகவே செலுத்தலாம். இந்த மூன்றாவது வழியை ஒதுக்கிவிடாதீர்கள் என்று புதிதாக வருபவர்களிடம் வலியுறுத்திச் சொல்வேன். எங்கள் பார்க்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வங்கிப் பக்கம் போகாதவர்கள். அந்த வழிக்கான சிறு கட்டணத்தை நாங்களே ஏற்றுக்கொண்டோம். மணி ஆர்டரில் பெறுநர் பெயரை வெற்றாக விடக்கூடாது, நிறுவனத்தின் பெயரை எழுதிய பிறகே உறைக்குள் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தோம்.

பழைய மேலாளர் விலக விரும்பினார். அப்போதுதான் இரண்டாவது தவறு தெரியவந்தது: அவர் இருந்த வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது; ஆனால் எழுத்தில் எதுவுமே இல்லை. வேலை முடிந்தபின் அவர் வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதங்கள் ஆயின. அந்த இரண்டு மாதமும் பார்க்கில் யார் சொல்வதைக் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பார்க்கிலேயே சொந்த வீடு வைத்திருப்பவரை மேலாளராக அமர்த்துவது நல்லது என்பதை அதில்தான் கற்றேன். வேலை போனாலும் அவர் வீடு அவருக்கே இருக்கும்; மனை ஒப்பந்தம் தனி, வேலை ஒப்பந்தம் தனி என்று இரண்டு தாள்களில் எழுதிவிட வேண்டும்.

புதியவரைத் தேட விளம்பரம் செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை முழுவதும் பன்னிரண்டு வீடுகளின் கதவைத் தட்டி, “இரவு நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். எட்டு வீடுகளில் ஒரே பெயரைச் சொன்னார்கள். பள்ளிச் சமையலறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெண்மணி அவர். பதினான்கு ஆண்டுகளாக அங்கே சொந்த வீட்டில் இருப்பவர். கணக்கு எழுதத் தெரியாது என்று தயங்கினார். கணக்கு எழுத வேண்டியதே இல்லை என்று சொன்னேன். எனக்கு அங்கே தேவைப்பட்டவை ஒரு ஜோடிக் கண்களும், எல்லோரும் மதிக்கும் ஒரு குரலும்தான்.

அந்தக் கண்கள் எவ்வளவு பெறும் என்பது தண்ணீர்க் கசிவு ஒன்றில் தெரிந்தது. பார்க்கின் வாசலில் ஒரே ஒரு பொது மீட்டர் இருக்கிறது. ஊர் நிர்வாகம் அதைப் பார்த்து எங்களுக்கு மொத்தமாகக் கட்டணம் போடும். வழக்கமாக மாதம் ஏறத்தாழ 2,07,000 கேலன் (ஒரு கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்) வரும். அதாவது வீட்டுக்கு நாளொன்றுக்கு 150 கேலன். 2020 அக்டோபருக்கான கட்டணச் சீட்டு 3,40,000 கேலன் என்று வந்தது. தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து ஆயிரம் கேலனுக்கு 14 டாலர் என்ற கணக்கில், 1,860 டாலர் மண்ணுக்குள் போயிருந்தது. ஆறு மனைகளின் மாத வாடகையைவிட அது அதிகம்.

ஊரெல்லாம் உறங்கும் நேரத்தில் மீட்டரைப் பார்க்க வேண்டும் என்று புதிய மேலாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் டார்ச் விளக்குடன் போய், மீட்டரின் முகப்பைப் படமெடுத்து அனுப்பினார். இரண்டு மணி நேரத்தில் 460 கேலன் ஓடியிருந்தது. யாரும் தண்ணீர் புழங்காத வேளையில் நிமிடத்துக்கு நான்கு கேலன் அளவுக்குப் போகிறதென்றால், அதில் பெரும்பகுதி கசிவாகத்தான் இருக்க முடியும். ஆனால் எங்கே? 54 மனைகளுக்கும் அடியில் ஓடும் குழாய்களில் சில, 1970-களில் பதித்த துத்தநாகம் பூசிய இரும்பு. சில, பின்னாளில் சேர்த்த பாலிபியூட்டிலீன் என்னும் பிளாஸ்டிக். எதற்கும் வரைபடம் இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில் கடும் உறைபனி விழுந்த ஒரு காலையில், அவரிடமிருந்து ஒரே ஒரு படம் வந்தது. புல்வெளி முழுதும் வெள்ளையாகப் பனி படிந்திருக்க, 31-ஆம் மனைக்கும் 32-ஆம் மனைக்கும் நடுவில், ஒரு பாய் விரித்த அளவு இடம் மட்டும் பச்சையாக இருந்தது. நிலத்தடிக் குழாயில் வரும் தண்ணீர் உறைநிலையைவிட வெதுவெதுப்பானது. அது மேலே ஊறும் இடத்தில் பனி நிற்காது. தோண்டிய இடத்திலேயே ஓட்டை கிடைத்தது; ஒரு இரும்புப் பட்டையைச் சுற்றி இறுக்கியதில் அன்று மாலையே அடைபட்டது. வெயில் ஏறிய பிறகு போயிருந்தால் அந்தப் பச்சை யார் கண்ணிலும் பட்டிருக்காது. சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போய்ச் சேரும் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

அதோடு நிற்காமல், கழிவறைத் தொட்டிகளையும் பார்த்தோம். தொட்டி நீரில் சமையல் வண்ணத்தைச் சில துளி விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் காத்திருந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் மூடி கசிகிறதா என்பது கோப்பையில் இறங்கும் நிறத்திலேயே தெரிந்துவிடும். விடாமல் ஓடும் ஒரு கழிவறை நாளொன்றுக்கு 200 கேலன் வரை வீணாக்கக்கூடும். வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம் என்பதால், உள்ளே போக எங்களுக்கு உரிமை கிடையாது. மேலாளர் முன்கூட்டியே சொல்லி, கேட்டு, அழைத்த வீடுகளுக்கு மட்டும் போனார், எல்லோரும் அழைத்தார்கள். ஒன்பது வீடுகளில் கசிவு இருந்தது. ரப்பர் மூடிகளை நாங்களே வாங்கிக் கொடுத்தோம். முன்பின் தெரியாத ஒரு பிளம்பரை அனுப்பியிருந்தால், பாதிக் கதவுகள் திறந்திருக்காது.

அடுத்த கோடையில், மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, புல்லுக்குள் புதைந்துகிடந்த அடைப்பு வால்வுகளைத் தேடிக் கண்டுபிடித்து, மூடிகளுக்கு நீல வண்ணம் அடித்து, ஒரு பெரிய தாளில் வரைபடம் வரைந்தோம். மூன்று வார இறுதிகள் ஆயின. அந்த வரைபடம் இல்லாதிருந்தால், 2022 டிசம்பரில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே எனக்கு விருப்பமில்லை.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 23 அன்று, அமெரிக்காவின் பெரும்பகுதியை உறைய வைத்த பனிப்புயலில், ஓஹாயோவின் வெப்பநிலை சில மணி நேரத்துக்குள் பூஜ்யம் ஃபாரன்ஹீட்டுக்கும் (ஏறத்தாழ மைனஸ் 18 செல்சியஸ்) கீழே விழுந்தது. சாலைகளில் அவசரநிலை அறிவித்திருந்தார்கள். என்னால் கொலம்பஸை விட்டுக் கிளம்பவே முடியவில்லை. மொபைல் ஹோமின் தரைக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். தண்ணீர்க் குழாய் அந்த வெற்றிடத்தின் வழியே மேலேறும். அதைச் சுற்றி ஹீட் டேப் எனப்படும் மின்சூட்டு நாடாவைக் கட்டியிருப்பார்கள். வெற்றிடத்தைச் சுற்றி ஸ்கர்ட்டிங் என்னும் தகடு அடைத்திருப்பார்கள். நாடா பழுதாக இருந்தாலும் தகட்டில் ஓட்டை இருந்தாலும் குழாய் உறைந்துவிடும். நாடாவை அதன்மேலேயே குறுக்கே போட்டுச் சுற்றினால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அக்டோபரிலேயே எங்கள் மேலாளர் வீடு வீடாகப் போய், நாடா சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லி, தகடு பெயர்ந்த இடங்களைக் குறித்துவைத்திருந்தார். முதியவர்கள் தனியாக இருக்கும் ஆறு வீடுகளும், மின்சாரம் நின்றால் ஆக்சிஜன் கருவி நின்றுவிடும் ஒரு வீடும் எவை என்பது அவர் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருந்தது.

அன்றிரவு இரண்டு வீடுகளில் தண்ணீர் உறைந்தது. காலியாக இருந்த எங்கள் வாடகை வீடொன்றின் அடியில் குழாய் வெடித்து, தண்ணீர் சாலைக்கு வந்து பனிக்கட்டியாகத் தொடங்கியது. நீல மூடி இருந்த இடம் அவருக்குத் தெரியும். பனியை விலக்கி, நீண்ட சாவியைச் செருகி, பத்தே நிமிடத்தில் அந்தக் கிளையை மட்டும் அடைத்தார். மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் நிற்கவில்லை. முன்போல இருந்திருந்தால், வாசலில் உள்ள பொது வால்வை மூடி, பார்க் முழுவதையும் பண்டிகை நாளில் தண்ணீர் இல்லாமல் விட்டிருப்போம்.

பணத்தையும் கண்டிப்பையும் மேலாளரிடமிருந்து பிரித்ததில் ஒரு கூடுதல் நன்மை, சட்டம் தொடர்பானது. ஓஹாயோவில் வாடகை பாக்கிக்காக ஒருவரை வெளியேற்ற வழக்குத் தொடரும் முன் மூன்று நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிவிப்பைக் கொடுத்த பிறகு, வரும் மாதத்துக்கான வாடகையை வாங்கிக்கொண்டால், அந்த அறிவிப்பே செல்லாததாகிவிடும். பழைய ஏற்பாட்டில் இருந்தபோது, ஒருவருக்கு அறிவிப்புக் கொடுத்த நான்காம் நாள், அவர் நீட்டிய மணி ஆர்டரை இரக்கப்பட்டு மேலாளர் வாங்கிவிட்டதால், எங்கள் வழக்கு முதல் விசாரணையிலேயே தள்ளுபடியானது. மேலும் ஓஹாயோ உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தபடி, வழக்கறிஞர் அல்லாத மேலாளர் உரிமையாளர் சார்பில் இத்தகைய வழக்கைத் தாக்கல் செய்ய முடியாது. ஆகவே இப்போது கடிதங்கள் எல்லாம் என் கையெழுத்தில் கொலம்பஸிலிருந்து போகின்றன; வழக்கென்றால் வழக்கறிஞர் பார்க்கிறார். கண்டிப்பு தொலைவிலிருந்தும் உதவி பக்கத்து வீட்டிலிருந்தும் வரும்போது, மேலாளர் தம் அண்டை வீட்டாருக்குப் பகையாளி ஆவதில்லை.

ஆனால் வழக்கு வரை போனவை மிகக் குறைவு. அதற்கும் அவர்தான் காரணம். “17-ஆம் மனையில் இருப்பவரின் டிரக் பத்து நாளாக நகரவில்லை” என்று ஒரு ஞாயிறு சொன்னார். விசாரித்தால், அவர் வேலை செய்த கிடங்கில் ஆட்குறைப்பு நடந்திருந்தது. வாடகை தவறுவதற்கு முன்பே நான் அழைத்துப் பேசி, மூன்று மாதத் தவணை ஒப்பந்தம் எழுதினோம். அவர் இன்றும் அங்கேயே இருக்கிறார். நிலுவைப் பட்டியலைப் பார்த்து நான் அறியும் செய்தி எப்போதுமே ஒரு மாதம் பழையது.

வாய்ச்சொல் பற்றி ஓர் எச்சரிக்கை. மேலாளர் போகிற போக்கில் சொல்வதும் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் சொன்னதுதான். கூட்டரசின் நியாயமான குடியிருப்புச் சட்டம், 1988-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, குழந்தைகள் உள்ள குடும்பங்களைப் பாகுபடுத்துவதையும் தடை செய்கிறது. “அந்த வரிசையில் குழந்தைகள் வேண்டாமே, வயதானவர்கள் இருக்கிறார்கள்” என்பது நல்லெண்ணத்தில் சொல்லும் வார்த்தையாகத் தோன்றினாலும், அது சட்டமீறல். எனவே காலி மனை கேட்டு வருபவர்களுக்கு அவர் விண்ணப்பத் தாளையும் எழுத்தில் உள்ள தகுதி விதிகளையும் கொடுப்பதோடு சரி, முடிவு எங்களுடையது.

சம்பளத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். எங்கள் மனை வாடகை அப்போது 285 டாலர். சொந்த வீடு வைத்திருக்கும் மேலாளருக்குப் பழைய பாணியில் இலவச மனையும் 200 டாலரும் என்றால் மொத்தம் 485 டாலர். ஒருவர் வாரம் 20 மணி நேரம் வேலை செய்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 86 மணி நேரம். மணிக்கு ஆறு டாலர்கூட வருவதில்லை. கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியமே 2009 முதல் மணிக்கு 7.25 டாலராக இருக்கிறது. ஓஹாயோவின் அளவு அதைவிட உயர்ந்தது, விலைவாசியை ஒட்டி ஆண்டுதோறும் திருத்தப்படுவது. அவரை ஒப்பந்தக்காரர் என்று எழுதிவைத்துத் தப்பிக்கவும் முடியாது. என்ன வேலை, எப்போது, எப்படி என்று நாம் சொல்கிறோம் என்றால் அவர் ஊழியர்தான். இப்போது அவருக்கு மணிக்கணக்கில் ஊதியம், வாரந்தோறும் நேரச்சீட்டு. இரவில் அழைப்பு வந்தால் அந்த நேரமும் சேரும். ஊழியர்களுக்கான பணியிட விபத்துக் காப்பீட்டைத் தனியாரிடம் வாங்க ஓஹாயோவில் வழியில்லை, மாநில நிதியத்திடமே பதிய வேண்டும். அதையும் முதல் நாளே செய்துவிட்டோம். ஊதியத்தைக் கணக்கிடும்போது இலவச மனையைக் கழித்துக்கொள்ளவில்லை.

பணத்துக்கு இணையாக அவர் கேட்டது ஓய்வு. அலுவலகம் இல்லாத மேலாளருக்கு வீடே அலுவலகம் ஆகிவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கும் கதவைத் தட்டுகிறார்கள். புதன், ஞாயிறு இரண்டு நாளும் அவருக்கு விடுமுறை. ஞாயிறு மாலை எங்கள் இருபது நிமிடத் தொலைபேசி மட்டும் விலக்கு, அதற்கும் ஊதியம் உண்டு. விடுமுறை நாட்களில் பார்க்கின் எண் எங்களில் ஒருவருக்குத் திரும்பிவிடும். அவசரம் என்றால் என்னவென்று கதவில் ஒட்டியிருக்கிறோம்: தண்ணீர் பீறிடுவது, கழிவுநீர் வீட்டுக்குள் ஏறுவது, தீ, விழுந்த மரம், அறுந்த மின்கம்பி. 250 டாலர் வரை யாரையும் கேட்காமல் செலவு செய்ய ஒரு அட்டையும் கொடுத்திருக்கிறோம். இந்த ஒன்று மட்டுமே, எங்களுக்குள் நடந்த தேவையற்ற தொலைபேசிகளில் பாதியைக் குறைத்தது.

2024-இல் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்து ஆறு வாரம் படுக்கையில் இருந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் பார்க்கைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுக்கும் அவருடைய நடையை, 22-ஆம் மனையில் இருக்கும் இளைஞர் ஒருவர், அவர் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். முதல் வாரம் அந்த இளைஞர் எழுதியது மூன்று வரி. ஜன்னலோரம் உட்கார்ந்தபடி அவர் கேட்ட கேள்விகளால், நான்காம் வாரத்தில் அது ஒன்றரைப் பக்கமாயிற்று. அவர் குணமாகித் திரும்பிய பிறகும் அந்த இளைஞருக்கு வாரம் ஆறு மணி நேர ஊதியம் தொடர்கிறது. புதன்கிழமைகள் இப்போது அந்த இளைஞரின் பொறுப்பு.

போன ஞாயிறு இருவரும் சேர்ந்து சொன்ன பட்டியல் என் மேசைமேல் இருக்கிறது. 9-ஆம் மனைக்குப் பின்னால் உள்ள மேப்பிள் மரத்தின் வேர் களிமண் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கியிருக்கலாம், காமிரா விட்டுப் பார்க்க வேண்டும். வாசல் விளக்கு மினுங்குகிறது. நீல மூடிகளில் ஏழு வெளுத்துவிட்டன. அக்டோபருக்கு முன் ஹீட் டேப் பன்னிரண்டு வாங்க வேண்டும்; அவற்றில் ஒன்று, தகர டப்பா வைத்திருந்த அந்த மூதாட்டியின் வீட்டுக்கு.